அழாத பிள்ளையை அழ வைக்க வேண்டுமா?

கேட்டவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர். அவருடைய அக்காள் குடும்பம் பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. அக்காளின் கணவர் மண்டியிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிச் சென்ற மினி லாரி தொப்பூர் கணவாயில் விபத்துக்குள்ளாகி, அவர் அங்கேயே இறந்துவிட்டார். நான்கு மாதம் ஆகிறது. மகன் பதினொன்றாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. அந்த இளைஞர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: "பையன் இன்றுவரை அழவில்லை. அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறான். எந்நேரமும் போனில் விளையாட்டு. சேலம் பஸ்ஸில் ஏற மறுக்கிறான். மனதுக்குள்ளேயே வைத்திருந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவனை எப்படிப் பேச வைப்பது? சின்னவள் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?"

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் நீண்ட காலம் ஆற்றுப்படுத்துநராக வேலை செய்திருக்கிறேன். அப்பா பெங்களூரு கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிள்ளைகள், ஏரியில் நண்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள், தீராத நோயில் அம்மாவை இழந்த பிள்ளைகள் என்று பலரோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலும் இந்தத் துறையில் படித்தவற்றிலும் இருந்து சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். அழவில்லை என்பதால் மட்டும் ஒரு பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடாது. இழப்பைச் சந்தித்தவர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதைப் பற்றி நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். துயரத்துக்குள் போவதும், அதிலிருந்து விலகி அன்றாட வேலைக்கும் விளையாட்டுக்கும் திரும்புவதும் மாறி மாறி நடக்கும். இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியமானது என்பது அதன் சாரம். வெயிலில் களை எடுக்கிறவர் இடையிடையே புளியமரத்து நிழலுக்கு வந்து போவதைப் போல. பிள்ளைகளிடம் இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். காலையில் சுருண்டு படுத்திருந்தவன் சாயங்காலம் கிரிக்கெட் ஆடப் போவான். அதைப் பார்த்து "அப்பன் செத்து நாலு மாதம் ஆகவில்லை, ஆட்டத்தைப் பார்" என்று பெரியவர்களில் யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல் அவனைக் கடைசிவரை உறுத்தும். போன் விளையாட்டும் அவனுக்கு அப்படி ஒரு நிழல்தான். தூக்கத்தையும் பள்ளியையும் அது விழுங்கிவிடாத வரை அதை அவனிடமிருந்து பிடுங்காதீர்கள்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, ஒவ்வொன்றாகக் கடந்துதான் ஆக வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அதை 1969இல் எழுதிய மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான் அந்தப் படிகளை வகுத்தார். இழந்து நிற்கும் பிள்ளை அந்த வரிசைப்படிதான் நடக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவனைப் பேச வைப்பதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச வேண்டும் என்று தோன்றும் நாளில் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார், அவர் பதறமாட்டார், ஊருக்குச் சொல்லமாட்டார், புத்தி சொல்லி அடக்கமாட்டார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும். பேசுவதா வேண்டாமா, யாரிடம், எந்த வடிவில், எப்போது என்பதையெல்லாம் அவன் முடிவு செய்யட்டும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா இறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையை யாரும் எதையும் கேட்டுச் செய்திருக்கமாட்டார்கள்.

அந்த நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வீட்டுக்கு வந்திருக்கும். தாரை தப்பட்டை வந்துவிட்டிருக்கும். பங்காளிகள் அவனைப் பிடித்து உட்கார வைத்து மழித்திருப்பார்கள். ஈர வேட்டியோடு கொள்ளிக்குடத்தைத் தோளில் ஏற்றி மூன்று சுற்று நடக்கச் சொல்லியிருப்பார்கள். திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியிருப்பார்கள். சுற்றி நின்ற எத்தனையோ பேர் அவன் அழுகிறானா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். கருமாதியன்று தலையில் உருமால் கட்டி, "இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை, அம்மாவையும் தங்கையையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். சடங்குகளை நான் குறை சொல்லவில்லை. பதினாறு நாள் ஊரே வந்து வாசலில் உட்காருவது பெரிய ஆறுதல். நகரத்தில் தனியாக அழுகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தாங்க முடியாத சுமை. குடும்பத்தையே தூக்கிப் பிடிக்க வேண்டியவன் எப்படி அழுவான்? தான் அழுதால் அம்மா உடைந்துவிடுவாள் என்று அவனாகவே முடிவு செய்திருப்பான். நான் பார்த்த அழாத பையன்களில் பெரும்பாலோர் கல்மனம் படைத்தவர்கள் இல்லை, காவல் காத்துக்கொண்டிருந்தவர்கள்.

இதை உங்களால் சரிசெய்ய முடியும், ஏனென்றால் நீங்கள் தாய்மாமன். நம் பக்கத்தில் அந்த உறவுக்கு இருக்கும் எடை வேறு யாருக்கும் இல்லை. அடுத்த முறை வார விடுமுறைக்கு ராயக்கோட்டை வழியாக ஊருக்கு வரும்போது, அவனிடம் தனியாக, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "வீட்டுச் செலவு, லாரிக் கடன், தங்கையின் படிப்பு எல்லாவற்றையும் நானும் உன் அம்மாவும் பெரியப்பாவும் பேசி வைத்திருக்கிறோம். உன் வேலை படிப்பது. உதவி வேண்டும் என்றால் உன்னிடமே கேட்பேன்." உண்மையிலேயே பேசி வைத்த பிறகு சொல்லுங்கள். வெறும் ஆறுதலுக்குச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான். இந்த வயதில் அவர்களுக்கு வீட்டுக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கணக்கு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருவாய் ஈட்டிய தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்குத் தமிழக அரசு 75,000 ரூபாயை வைப்பு நிதியாகத் தருகிறது. தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தால் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும் நிதி ஆதரவுத் திட்டமும் உண்டு. அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். சான்றிதழ்களுக்காக அலையும் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழை நகல் எடுக்க அந்தப் பையனை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பாதீர்கள்.

பேச்சு வராத இடத்தில் கை வேலை செய்யும். பென்னாகரம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், அப்பா இறந்த பிறகு பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் "நன்றாக இருக்கிறேன் சார்" என்ற ஒரே பதில். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியை வெளியே தள்ளி வந்து, சோப்புத் தூள் கரைத்துத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு முறை ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டு உள்ளே நிறுத்துவான். ஓட்டமாட்டான். பால் கேன் மாட்டுவதற்காக அவன் அப்பா வளைத்து வைத்திருந்த கம்பிக் கொக்கியை மட்டும் துடைக்கமாட்டான். அதிலிருந்த காய்ந்த பால் கறையை அப்படியே விட்டிருந்தான். சும்மா கிடக்கிற வண்டியை விற்றுவிடலாம் என்று சித்தப்பா பேச்செடுத்தபோதுதான் அவன் வீட்டில் முதன்முறையாகக் கத்தினான். வீட்டார் அதைத் திமிர் என்று நினைத்தார்கள். அவன் அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு வருடம் அந்த வண்டியை விற்கவேண்டாம், விற்பதாக இருந்தாலும் முதலில் அவனிடம் கேளுங்கள். பிறகு பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் அவனே அந்த வண்டியில் பால் ஊற்றப் போனான். அப்பாவைப் பற்றி என்னிடம் அவன் கடைசிவரை அதிகம் பேசவில்லை. அதனால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிலிஸ் சில்வர்மன், வில்லியம் வோர்டன் ஆகியோர் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இறந்தவரின் ஏதாவது ஒரு பொருளைத் தங்களிடம் வைத்திருந்தார்கள். பலர் இறந்தவரோடு மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். உறவை அறுத்துவிட்டு முன்னே போ என்று சொல்லிக்கொண்டிருந்த பழைய கருத்தை இத்தகைய ஆய்வுகள் மாற்றின. இறந்தவரோடு வேறு விதமான உறவு தொடர்கிறது, அது நோய் இல்லை என்பதை இன்று துறையினர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே அப்பாவின் சட்டை, லைசென்ஸ், லோடு கணக்கு எழுதிய நோட்டு, டிபன் பாக்ஸ் எதையும் பிள்ளைகளைக் கேட்காமல் தூக்கிப் போடாதீர்கள், தானமும் கொடுக்காதீர்கள். முக்கியமாக அவருடைய போன். அதில் அவர் குரல் இருக்கும். லோடு இறக்கிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று அனுப்பிய குரல் பதிவுகள் இருக்கும். யாராவது அதை அழித்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுப்பதற்கு முன்பு அவற்றை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பிள்ளைகளிடம் "வைத்திருக்கிறேன், கேட்க வேண்டும் என்றால் சொல்" என்று மட்டும் சொல்லுங்கள். இப்போதே போட்டுக் காட்ட வேண்டாம்.

போன் என்றதும் இன்னொன்று. விபத்து நடந்த இடத்தில் எடுத்த படங்களும் வீடியோவும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியிருக்கும். நம் ஊரில் உடல் வீடு வருவதற்கு முன்பே அவை வந்துவிடுகின்றன. உங்கள் அக்காள் மகன் அதைப் பார்த்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அவன் சேலம் பஸ்ஸில் ஏற மறுப்பதற்கும் பேச்செடுத்தால் எழுந்து போவதற்கும் அந்தப் படம் கண்முன் வந்து நிற்பது காரணமாக இருக்கலாம். "அந்த வீடியோ உனக்கும் வந்ததா?" என்று ஒரு முறை கேளுங்கள். ஆமாம் என்றால், "அதைப் பார்க்க நேர்ந்தது கொடுமை, உன்மேல் தவறில்லை" என்று சொல்லுங்கள். விவரம் கேட்டுத் துருவாதீர்கள். உறவினர்களின் போன்களிலிருந்து அதை அழிக்கச் செய்வது உங்கள் பொறுப்பு. பேரிடர்களுக்குப் பிறகான முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டியே, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. அடக்கி வைத்ததையெல்லாம் ஒரே உட்காரலில் கொட்ட வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது உதவாது என்பதோடு சிலருக்குத் தீங்கும் செய்திருக்கிறது.

தொப்பூரைப் பற்றி. இப்போதைக்கு அவன் அந்தச் சாலையில் போக வேண்டியதில்லை. பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்கு ரயில் இருக்கிறது. அரூர், மஞ்சவாடிக் கணவாய் வழியும் இருக்கிறது, சுற்றுதான் என்றாலும். அவனாகக் கேட்கும் நாளில் நீங்கள் கூடப் போங்கள். ஜன்னல் பக்கம் உட்காருவதா, கண்ணை மூடிக்கொள்வதா, அந்த இடத்தில் இறங்கிப் பூ வைப்பதா என்பதைப் புறப்படும் முன்பே அவனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் மனம் மாறினாலும் சரி என்று சொல்லி வையுங்கள்.

பேச்சு வரும் என்றால் நேருக்கு நேர் உட்கார்ந்து வராது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் நிற்கும்போது வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். கேள்வி கேட்பதைவிட, நீங்களே ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துவது நல்லது. "உன் அப்பா எனக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது கியர் மாற்றத் தெரியாமல் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது" என்பது போல. அவன் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் மோட்டாரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

சொல்லும் நினைவு பெரியதாக இருக்க வேண்டியதில்லை. அன்று தகடூர் எனப்பட்ட இந்த மண்ணை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு கள்ளிலிருந்துதான் தொடங்குகிறது. கொஞ்சமாகக் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட மகிழ்ந்து குடிப்பான் என்கிறார். நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே என்கிறார். ஓர் அரசனைப் பற்றிக்கூட இப்படித்தான் நினைவு வரும் என்றால், லாரி ஓட்டிய அப்பாவைப் பற்றி ஒரு பையனுக்கு வருவது அவர் வாங்கிவந்த பரோட்டா பொட்டலமாகவோ பீடி வாசனையாகவோ இருப்பதில் குறை ஒன்றுமில்லை.

வருவது நல்ல நினைவாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. இதைப் பெரியவர்கள் கேட்க விரும்பமாட்டார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். சில அப்பாக்கள் குடித்தார்கள், அடித்தார்கள். சில பிள்ளைகளுக்கு அப்பா இறந்ததில் துக்கத்தோடு ஒரு நிம்மதியும் இருக்கிறது. அந்த நிம்மதியை நினைத்து அவர்கள் வெட்கப்பட்டுச் சாகிறார்கள். செத்தவரைக் குறை பேசக் கூடாது என்று நாம் வாயை அடைத்தால், அந்தப் பிள்ளைக்குத் துக்கத்தைச் சொல்லும் வழியும் சேர்ந்து அடைபட்டுவிடும். கோபமும் அன்பும் ஒரே மூச்சில் வந்தால் இரண்டையும் கேளுங்கள், எதையும் திருத்தாதீர்கள். இன்னொரு வகை உறுத்தலும் உண்டு. விபத்துக்கு முந்தின நாள் பைக் வேண்டும் என்று சண்டை போட்டிருப்பான். அப்பா அழைத்தபோது விளையாட்டு மும்முரத்தில் போனை எடுக்காமல் விட்டிருப்பான். "உன் தவறில்லை" என்று அவசரமாகச் சொல்லி மூடிவிடாமல், அவன் முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு லாரி எதனால் கவிழ்ந்தது என்ற உண்மைக் காரணத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். சரிவு, பிரேக், முன்னால் போன வண்டி என்று காரணம் தெளிவாகும்போது பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது குறைகிறது.

எழுதச் சொல்லலாமா என்று ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடிக் கேட்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனதை அழுத்திய நிகழ்ச்சியைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் பின்னர் மருத்துவரிடம் போவது குறைந்திருந்தது. அதை வைத்துத்தான் எழுது, எழுது என்ற அறிவுரை உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் மேலே சொன்ன ஸ்ட்ரோபேயின் குழு, வாழ்க்கைத் துணையை இழந்தவர்களிடம் இதைச் சோதித்து 2002இல் வெளியிட்டபோது, எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் துயரம் தணிந்ததில் வேறுபாடு தெரியவில்லை. என் அனுபவமும் இதை ஒட்டியதுதான். எழுத்து சிலருக்கு வாய்க்கும். காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை, அம்மா இறந்த பிறகு கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அன்றன்று அம்மாவிடம் சொல்ல வேண்டியவற்றை எழுதிவந்தாள். "இன்று ரசத்தில் உப்பு அதிகம். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்" என்பது அதில் ஒரு நாள் பதிவு. அந்த இரண்டு வரிக்குள் ஒரு வீடே இருந்தது. அவள் காட்டியதால் பார்த்தேன். அப்படி ஒரு நோட்டு உங்கள் கண்ணில் பட்டால் திறக்காதீர்கள். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, பள்ளி விழாவில் வாசிக்கச் சொல்வது இரண்டையும் அடியோடு தவிர்க்க வேண்டும். பிள்ளை தனக்காக எழுதியதைப் பெரியவர்கள் ஊருக்குக் காட்டினால் அது மறுபடி எழுதாது.

ஒப்பாரியையும் கூத்தையும் விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. பெண்கள் மாரடித்து, கட்டிப் பிடித்து, பாட்டுக் கட்டி அழுவதற்கு நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு அது இல்லை. ஆனால் வட மாவட்டங்களில் கருமாதி ஒட்டிய இரவில் கர்ணமோட்சம் கூத்து வைக்கிற வழக்கம் இருக்கும் ஊர்களில், கர்ணனின் மனைவி பொன்னுருவி புலம்பும் கட்டத்தில் கூட்டத்தின் பின்வரிசையில் துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். வேறொருவருடைய கதைக்காக அழலாம். இருட்டில் யாரும் கவனிப்பதில்லை. உங்கள் மருமகன் ஒரு படம் பார்க்கும்போதோ பாட்டு கேட்கும்போதோ கண் கலங்கினால் தெரியாததுபோல் இருந்துவிடுங்கள். அதே நேரத்தில் ஒரு எச்சரிக்கை: சாவு வீட்டில் அண்ணன்மார் ஊற்றிக் கொடுத்துத்தான் பல பையன்களின் குடிப் பழக்கம் தொடங்குகிறது. துக்கத்தை மறக்க என்று யார் நீட்டினாலும் தடுக்க வேண்டியது உங்கள் கடமை.

இனி சின்னவள். ஒன்பது வயதில் இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது புரியும். புரிந்தும் கேட்கிறாள் என்றால், பதில் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கிறாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் சாவு நிரந்தரம் என்பதே பிடிபடாது. "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்", "தூங்குகிறார்" என்று எந்த வயதுப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும் பிள்ளைகளையும், ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பார்க்கும் பிள்ளைகளையும் இந்த இரண்டு வாக்கியங்கள்தான் உண்டாக்கியிருக்கின்றன. "லாரி விபத்தில் மாட்டியது, அப்பாவுக்குப் பலமாக அடிபட்டது, அங்கேயே இறந்துவிட்டார்" என்று சொல்லுங்கள். நாளை மறுபடி கேட்டால் அதே சொற்களில் அதே பொறுமையோடு மறுபடி சொல்லுங்கள். அவள் கேட்கும் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கும்: அம்மாவும் செத்துவிட்டால் எனக்கு யார்? அதற்கும் நேரான பதில் தர வேண்டும். "அம்மா நலமாக இருக்கிறார். எது நடந்தாலும் உன்னைப் பார்த்துக்கொள்ள மாமா, பெரியப்பா, பாட்டி இருக்கிறோம்" என்று ஆள்களின் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். பெண் பிள்ளை என்பதால் அவளைச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போயிருக்கமாட்டார்கள். அப்பா எங்கே வைக்கப்பட்டார் என்பதை அவள் பார்க்க விரும்புகிறாளா என்று அம்மாவிடம் கலந்துகொண்டு கேளுங்கள். விரும்பினால் ஒரு பகல் வேளையில் அழைத்துப் போய்க் காட்டுவதில் தவறில்லை.

அவள் இன்னும் சிறியவள். இருந்தாலும் நம் இரண்டு மாவட்டங்களின் நிலவரம் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண் பிள்ளை தாயை இழந்தால், மறுநாளே அடுப்படி அவள் கைக்கு வந்துவிடுகிறது. அவள் அழுவதற்குள் சோறு வடிக்க வேண்டியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் வளர்ந்தவள் என்றால், ஓராண்டுக்குள் நல்ல காரியம் செய்துவிட வேண்டும் என்று பதினாறு வயதிலேயே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். இப்படி ஒரு பிள்ளை உங்கள் கண்ணில் பட்டால், அவளுக்குத் துக்கப்பட நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் முதல் உதவி. கல்யாணப் பேச்சு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியர் ஒருவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், ஆனால் என்ன சொல்லலாம் என்பதை முதலில் உங்கள் மருமகனிடம் கேட்டுக்கொண்டு போங்கள். வகுப்பில் அறிவிக்கலாமா, நண்பர்கள் கேட்கலாமா, "அப்பா கையெழுத்து வாங்கி வா" என்பதற்குப் பதில் என்ன சொல்ல வேண்டும் என்பவை சின்ன விஷயங்களாகத் தோன்றும். அவனுக்கு அவைதான் தினசரிக் காயங்கள். திடீரென்று தொண்டை அடைத்தால் காரணம் சொல்லாமல் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர அனுமதி இருக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். சாவைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ, "நானும் அப்பாவிடம் போகிறேன்" என்றாலோ, உடலைக் காயப்படுத்திக்கொண்டாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அவனைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போவது, பள்ளிக்கே போகாமல் நின்றுவிடுவது, நண்பர்கள் அத்தனை பேரையும் விட்டு விலகுவது, விபத்துக் காட்சி பகலிலும் கண்முன் வந்து வந்து அலைக்கழிப்பது ஆகியவையும் உதவி தேடவேண்டிய அறிகுறிகள். துயரம் கொஞ்சமும் தளராமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கினால் அதை நீடித்த துயரக் கோளாறு என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட திருத்திய கையேடு அதற்குப் பெரியவர்களுக்கு ஓராண்டு, பிள்ளைகளுக்கு ஆறு மாதம் என்று காலவரையறை வைத்திருக்கிறது. நான்கு மாதத்தில் அழாமல் இருப்பது அந்தக் கணக்கில் வராது. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104உம் இருக்கிறது. இந்த எண்களை அவனுடைய போனிலேயே பதிந்து கொடுங்கள். உங்களிடம் சொல்ல முடியாததை முகம் தெரியாதவரிடம் சொல்வது அவனுக்கு எளிதாக இருக்கலாம், அதில் உங்களுக்கு வருத்தம் வேண்டாம்.

உங்கள் அக்காளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. நான் மேலே சொன்ன பாஸ்டன் ஆய்வில், பிள்ளைகள் எப்படித் தேறினார்கள் என்பதை அதிகம் தீர்மானித்தது உயிரோடு இருந்த பெற்றோர் எப்படி இருந்தார் என்பதுதான். அக்காள் சாப்பிடுகிறாரா, இரவில் யார் துணை, அவர் பேசுவதற்கு ஒரு தோழி இருக்கிறாரா என்று பாருங்கள். பிள்ளைகள் முன்னால் அழுவதில் தவறில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அம்மா அழுது, முகம் கழுவி, பிறகு தோசை சுட்டுக் கொடுப்பதைப் பார்க்கும் பையனுக்கு அழுகையால் ஒரு வீடு இடிந்துவிடாது என்பது தெரிந்துவிடும்.

முதலாம் ஆண்டு திதிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அப்போது லைசென்ஸிலிருந்து எடுத்த படத்தைத்தான் அவசரத்தில் போட்டிருப்பீர்கள். இந்த முறை எந்தப் படம் என்பதைப் பிள்ளைகள் இருவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள். போஸ்டரே வேண்டாம் என்றாலும் சரி, தங்கள் பெயர் அதில் வர வேண்டாம் என்றாலும் சரி. சடங்கில் எதைச் செய்ய அவன் தயார், எதைப் பெரியப்பா செய்யலாம் என்று ஒரு மாதம் முன்பே பேசுங்கள். அன்று வரவே மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். அவனுக்குப் பிடித்த ஒருவர் அவனோடு வீட்டில் இருக்கட்டும். வேறொரு நாள், வேறொரு விதத்தில் ஏதாவது செய்ய விரும்புகிறானா என்று பின்னர் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஒகேனக்கல் போக வேண்டும் என்றால் அழைத்துப் போங்கள்.